ஈறுகளில் இரத்தம் கசிகிறதா? கண்ணாடி முன் தொடங்குங்கள்

வாய் கொப்பளித்துத் துப்பிய நீரில் சிவப்பு தெரிந்ததும், பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பிரஷ் இன்னும் பொறுமையாகப் போகவேண்டிய இடம் அதுதான்.

முதலில், நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். நலமான ஈறு இரண்டு பற்களுக்கு நடுவே கூர்மையாக ஏறி, சிலருக்கு ஆரஞ்சுத் தோலைப் போல் சிறு புள்ளிகளோடும் இருக்கும். அழற்சி கண்ட ஈறு சிவந்து, உப்பி, பளபளக்கும். பிறகு கீழ்முன்பற்களின் உட்புறத்தை நாவால் தடவுங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் காரை. அங்கே உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் இருப்பதால், பல்லில் படியும் கிருமிப்படலம் உமிழ்நீரின் தாது உப்புகளை ஏற்று விரைவில் கல்லாகிவிடுகிறது. கல்லான பின் எந்தப் பற்பசையாலும் அதை எடுக்க முடியாது.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், நலமான ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது மறைந்தது. ஆரம்ப நிலை இப்படி முற்றிலும் மீளக்கூடியது. ஆனால் அழற்சி பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், மேலும் கரையாமல் தடுக்கலாமே தவிர, போன எலும்பு தானாகத் திரும்புவதில்லை.

அடுத்தது துலக்கும் முறை. மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் 45 பாகைச் சாய்வில் வைத்து, அங்கேயே மெல்ல அதிர்வதுபோல் அசைத்து, பிறகு அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகர வேண்டும். காலையும் இரவும் இரண்டு நிமிடம் போதும். செங்கல் தேய்ப்பதுபோல் அழுத்தினால் ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும்.

பற்களின் இடுக்கில் பிரஷ் நுழையாது. அதற்குப் பல் இடுக்கு நூலோ (ஃப்ளாஸ்), இடைவெளி பெரிதாக இருந்தால் குட்டி இடைப்பல் பிரஷோ வேண்டும். இரவில் ஒரு முறை அதை விட்டெடுத்து முகர்ந்து பாருங்கள், வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய் கொப்பளிப்புத் திரவம் தந்தால், அவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடராதீர்கள். பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

இரண்டு வாரங்களாகியும் கசிவு நிற்காவிட்டாலோ, பல் ஆடினாலோ, ஈறில் சீழ் தெரிந்தாலோ பல் மருத்துவரைப் பாருங்கள். அவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார்: 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, அதற்கு மேல் ஆழமானால் கவனிக்க வேண்டும். காரையைச் சுரண்டி எடுப்பதுதான் ஸ்கேலிங். "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்" என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆடும் பல்லைக் காரை சிமெண்ட்போலப் பிடித்துக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவே.

புகைப்பவர்களுக்கு இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் நோய் முற்றினாலும் கசிவு குறைவாகவே தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கோ ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும். இவ்விரு தரப்பினரும் கசிவுக்காகக் காத்திராமல், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்.