டெய்சிக் குடும்பத்துச் செடியா? பூவை விட்டுக் காயைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோரமும் தோட்டங்களிலும் டைமார்போதீக்கா, ஆஸ்டியோஸ்பெர்மம் என்ற இரண்டு டெய்சிக் குடும்பத்துச் செடிவகைகளும் பூவில் ஒன்றுபோலவே இருக்கும். நன்றாக முற்றிய பூந்தலையை (பல சிறுபூக்கள் சேர்ந்து ஒரே பூவாகத் தெரியும் பகுதியை) பிரித்து, விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும் காய்களைத் தனித்தனியே எடுங்கள். டைமார்போதீக்காவில் இரண்டு இடத்திலும் காய் உண்டு: விளிம்புக் காய் முப்பட்டையாகச் சொரசொரப்பாக இருக்கும், நடுக்காய் தட்டையாக, ஓரத்தில் இறகோடு இருக்கும். ஆஸ்டியோஸ்பெர்மத்தில் விளிம்பில் மட்டுமே காய் பிடிக்கும். நடுவில் உள்ள சுருங்கிய சக்கையைக் காயென்று எண்ணிவிட வேண்டாம்; பலரும் தவறுவது இங்கேதான். கடற்கரையில் சதைப்பற்றுள்ள கருங்காயோடு நிற்கும் பீட்டூ என்ற புதரும் ஆஸ்டியோஸ்பெர்மமே.

உள்ளமைப்பு பார்க்க, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட வெந்நீரில் காயை ஊறவையுங்கள். மென்மையானதும் கேரட் துண்டின் பிளவில் செருகி, புது பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவுங்கள். காய்ந்த காயைச் சீவினால் தோல் நொறுங்கி, அடுக்குகள் தெரியாது. நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கம் போதும்.

பிளாக்ஜாக் (பைடென்ஸ் என்ற களைச்செடி) காயில் தோலுக்குள் கரிய அடுக்கு ஒன்று தெரியும். அது பைட்டோமெலனின் என்ற கரும்பொருள், டெய்சிக் குடும்பத்துக்குள் சூரியகாந்திக் கூட்டத்தின் நல்ல அடையாளம். சந்தேகமிருந்தால் சீவலைச் சிறிது நேரம் பிளீச்சில் போடுங்கள். மற்ற நிறங்கள் வெளுத்தாலும் இந்தக் கருப்பு போகாது. பிஞ்சில் இதைத் தேடாதீர்கள், காய் முற்றும்போதுதான் படியும்.

செனேசியோ என்ற இன்னொரு டெய்சிக் குடும்பத்துச் செடிவகையின் காயை நனைத்துப் பாருங்கள்: மேல்மயிர்கள் பசையைக் கக்கும். ஆகவே முதலில் உலர்ந்த நிலையிலேயே மயிர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காயின் உச்சியிலுள்ள மயிர்க்கொத்தான தூவி எளிதில் உதிரும். அது இல்லையென்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.