எஸ்யூவி எரிபொருளைக் குடிக்கிறதா? முதலில் கணக்கு, அப்புறம் ஸ்பானர்

மைலேஜ் குறைந்துவிட்டது என்று தோன்றிய அன்றே ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் சுத்தம் என எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்தேன். பணம் கரைந்தது, மைலேஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. முன் இடது சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: வண்டியைச் சுற்றி எரிபொருள் வாடை அடித்தாலோ, நிறுத்திய இடத்தில் சொட்டியிருந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

1. டேங்க் கணக்கு

பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல 400 கி.மீ. அளவுக்கு ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்பில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடி 38.5 லிட்டர் பிடித்தால், 412-ஐ 38.5-ஆல் வகுக்க வேண்டும்: லிட்டருக்கு 10.7 கி.மீ. டேஷ்போர்டு திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு தடவை கணக்கிட்டால் போதாது, மூன்று தடவையாவது வேண்டும். ஒப்பிட வேண்டியது உங்கள் வண்டி முன்பு கொடுத்த மைலேஜோடுதான். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது.

நிறுவனம் கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும். மைலேஜ் குறைந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழையாகவே இருக்கலாம்.

2. எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டியவை

டயர் காற்றை, வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு; அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது.

கூரைமேல் கேரியர் இருந்தால், தேவையில்லாத நாட்களில் இறக்கிவிடுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இலிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போனாலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எஸ்யூவி ஏற்கெனவே உயரமான வண்டி, அதற்கு மேலும் ஒரு பெட்டி எதற்கு?

தேவைப்படும்போது மட்டும் போடும் நான்கு சக்கர இயக்கம் விடுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயணங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் என்றால், எஞ்சின் சூடேறும் முன்பே வண்டி நின்றுவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கு மைலேஜ் குறையத்தான் செய்யும், அது கோளாறு அல்ல.

3. இழுக்கும் பிரேக்

பலரும் தவறவிடுவது இதைத்தான். சமதளமான சாலையில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துங்கள். இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், டிஸ்க் கையைச் சுட்டுவிடும். முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின் இரண்டும் அப்படியே. என் வண்டியில் முன் வலதுபக்கம் வெதுவெதுப்புதான். இடதுபக்கம் கையை நீட்டியவுடன் அடுப்பின் அருகில் போனதுபோல அனல் வீசியது. கருகிய வாடை வேறு. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் மட்டும் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. பல வாரமாகக் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்தும் யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

உறுதிப்படுத்த, சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் பேடு டிஸ்க்கில் லேசாக உரசும் சத்தம் இயல்பு. ஒரு பக்கம் எளிதாகச் சுற்றி, மறுபக்கம் அரைச் சுற்றிலேயே நின்றால் பிரேக் இழுக்கிறது. பெரும்பாலும், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கும், அல்லது பிஸ்டன் இறுகியிருக்கும். புதியவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். எந்தச் சக்கரம் என்று மெக்கானிக்கிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

4. ஸ்கேனர் சொல்வது

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினி சொல்வதைப் படிக்க உதவும் இணைப்பு) சிறிய ஸ்கேனரைச் செருகி, முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையைப் பாருங்கள். கால்மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான எஞ்சின்களில் அது 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 65, 70-ஐத் தாண்டாமல் நின்றால், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து, கணினி கூடுதல் எரிபொருளை விட்டுக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் வண்டியில் ஃபியூவல் டிரிம் எண்ணையும், அதாவது கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதையும் பாருங்கள். கூட்டல், கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. கழித்தலில் வெகுதூரம் போனால் எங்கிருந்தோ எரிபொருள் கூடுதலாக வருகிறது: கசியும் இன்ஜெக்டராக இருக்கலாம், தவறாகக் காட்டும் சென்சாராகவும் இருக்கலாம். டீசல் வண்டியில் குறுகிய பயணங்களே அதிகம் என்றால், புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அடிக்கடி கூடுதல் டீசலை எரிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் அதற்கு நல்லது.

5. ஃபில்டரும் பிளக்கும்

இவற்றைக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். எரிபொருளைக் கணினி அளந்து விடும் இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் அழுக்கான ஏர் ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது. எஞ்சின் ஆயில் மட்டும் கையேட்டில் உள்ள கிரேடிலேயே இருக்கட்டும். அதைவிடக் கெட்டியானது வேண்டாம்.

ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்ததற்குத் தாவாமல், மறுபடி டேங்கை நிரப்பிக் கணக்கெடுங்கள். ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் போட்ட பிறகு, என் வண்டி இரண்டாவது டேங்கில் லிட்டருக்கு 12.1 கி.மீ. கொடுத்தது.