வாவிக்கரையைத் தைலவர்ணத்தில் தீட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மட்டக்களப்பில் புளியந்தீவுக் கரையிலிருந்து வாவியின் எதிர்க்கரையான கல்லடிப் பக்கம் பார்த்துத் தீட்ட நான்கு ட்யூப்கள் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெலோ ஓக்கர் (மண்மஞ்சள்), பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் நீலம். ஆனால் நிறங்கள் குறைந்தால் படத்தைத் தாங்குவது ஒளியும் இருளும்தான். அது பிசகினால் வேறெதனாலும் மூடிமறைக்க முடியாது.

வாவி என்றதும் நீலத்தை அப்படியே பூசிவிடுவதுதான் பெரிய தவறு. தூரத்து நீரில் பார்வை சாய்வாக விழுவதால் வானம் தெரியும். காலடியில் நேர்கீழாகப் பார்ப்பதால் அடிச்சேறு தெரியும். ஆகவே வானத்துக்குக் கலந்த வர்ணத்திலேயே தூரிகை நுனியளவு சியன்னா சேர்த்துத் தூரத்து நீரைத் தீட்டுங்கள். கரையை நெருங்க நெருங்க ஓக்கரையும் சியன்னாவையும் கூட்டுங்கள். கண்டல் மரங்களின் கருமை நீரில் ஒரு படி வெளிறும், வெண்முகில் ஒரு படி மங்கும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைத் தலைகீழாகப் பிரதி எடுக்காதீர்கள். கரையிலிருப்பவருக்கு மறைந்திருக்கும் அதன் அடிப்பக்கத்தை நீர் காட்டும்.

கறுப்பு ட்யூப் வேண்டாம். அல்ட்ராமரீனும் சியன்னாவும் ஏறத்தாழச் சமமாகச் சேர்ந்தால் ஆழ்ந்த கருமை கிடைக்கும். நீலம் மிஞ்சினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா மிஞ்சினால் வெதுவெதுப்பான சாம்பல். பாலத்துச் சட்டங்களின் வெயில்பக்கமும் நிழல்பக்கமும் இதற்குள்ளேயே அடங்கும். தென்னைக்கென்று கடையில் பச்சை வாங்கினால் அது மட்டும் படத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். ஓக்கரும் நீலமும் கலந்த மங்கல் பச்சையே இந்தக் கரைக்குப் பொருந்தும்.

வெளிச்சம் வேண்டுமென்று எதற்கும் வெள்ளையைக் கொட்டினால் படம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப்போகும். வெயில் பட்ட சுவருக்கு வெள்ளையோடு ஓக்கரும் வேண்டும். வானத்துக்கு வெள்ளையை முதலில் வைத்து, நீலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். நீலத்தில் வெள்ளையைக் கலக்கத் தொடங்கினால் அரை ட்யூப் வீணாகும்.

காலையில் சூரியன் கல்லடிப் பக்கமிருந்து எதிரே வரும், பாலம் நிழலுருவாகத் தெரியும். பின்னேரம் வெயில் அதன் முகத்திலேயே விழும். இரண்டையும் ஒரே கன்வஸில் கலக்காதீர்கள். இரண்டு மணித்தியாலத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள்.

முதற்பூச்சுக்கு வர்ணத்தை இளக்கும் டேர்ப்பன்டைன் மட்டும், மேற்பூச்சுகளுக்குச் சில துளி லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். மாறிப் போட்டால் மேற்பூச்சு முந்தி இறுகி, அடிப்பூச்சு பின்னர் அசையும்போது வெடிக்கும். தைலவர்ணம் ஒட்சிசனை ஏற்று இறுகுவது, ஈரம் வற்றிக் காய்வதன்று. ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று உடனே வார்னிஷ் பூசாதீர்கள், ஆறு மாதமாவது விடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றலாம், விரித்து உலர்த்துங்கள்.