தேங்காய் ஓட்டில் லேசரால் கிராஃபீன்: செய்முறை

தேங்காய் ஓட்டின் மேல் லேசரை ஓட்டி, மின்சாரம் கடத்தும் கிராஃபீன் கோடு போடலாம். (கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகக் கோத்த மெல்லிய தாள்.) 2014-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தில் இதைச் செய்து காட்டினார்கள். 2018-இல் அதே குழு ரொட்டி, உருளைக்கிழங்கு, அட்டை, தேங்காய் ஓடு என்று இறங்கிவிட்டது. சூட்சுமம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுடுவது. முதல் சூட்டில் பொருள் கரியாகும். அந்தக் கரிதான் அடுத்த சூட்டில் கிராஃபீனாகும்.

லேசர் மெஷின் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மூடி திறந்திருக்கும்போது சுடாதீர்கள், புகைபோக்கி ஓடட்டும், பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

1. ஓடு. லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகமுள்ள பொருள் சுலபமாகக் கரியாகும். அதனால்தான் கொட்டாங்குச்சி என் முதல் தேர்வு. நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, நன்றாகக் காய வையுங்கள். ஓடு வளைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 15 மி.மீ. அகலத்துக்குள் வேலையை முடித்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் அரை மி.மீ. அளவுதான் உயர வித்தியாசம் வரும்.

2. ஃபோகஸ். என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சரியான ஃபோகஸில் லேசர் புள்ளி சுமார் 0.1 மி.மீ. இருக்கும். அந்த வெப்பம் ஓட்டைக் குடைந்து சாம்பலாக்கிவிடும். ஆகவே வேண்டுமென்றே ஃபோகஸைத் தள்ளி வையுங்கள். 2 அங்குல லென்ஸ் என்றால் மேடையை 3 மி.மீ. இறக்கினால் போதும், புள்ளி ஏறக்குறைய 0.3 மி.மீ. ஆகிவிடும். இப்போது வரி இடைவெளியை 0.05 மி.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு இடத்தின் மேலும் ஆறு வரிகள் ஏறிப் போகும். ஒரே ஓட்டத்தில் பல சூடு கிடைத்துவிடுகிறது, பவரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

3. சோதனைக் கட்டம். மெஷினுக்கு மெஷின் அளவு மாறும். யாரோ சொன்ன எண்ணை நம்பாமல், பவர் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம் என்று சிறு சதுரங்கள் போட்டுப் பாருங்கள். சாம்பல் நிறமும் பள்ளமும் வந்தால் சூடு அதிகம். பழுப்பாக நின்றுவிட்டால் போதவில்லை. வெல்வெட் மாதிரி மங்கிய கறுப்புதான் வேண்டும். காற்றுக் குழாயை மிகக் குறைத்து வையுங்கள், பலமாக ஊதினால் கரி எரிந்துபோகும். புகை லென்ஸில் படியும், வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

4. இரண்டாம் ஓட்டம். ஓட்டை அசைக்காமல் அதே கோட்டை மறுபடி ஓட்டுங்கள்.

5. அளப்பது. மல்டிமீட்டர் முனையை நேராகக் குத்தினால் அந்தப் பொடிப்படலம் கீறிப்போகும், அளவும் தாவும். கோட்டின் இரு முனைகளிலும் மின்சாரம் கடத்தும் சில்வர் பெயின்ட் (வெள்ளித்துகள் கலந்தது) தடவி, காய்ந்தபின் அதன் மேல் மீட்டர் முனையை வையுங்கள். செப்பு டேப்பை விட எனக்கு இதுதான் பிடித்தம். 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலமுள்ள கோடு என்றால் ஐந்து சதுரங்கள். வந்த ஓம் அளவை ஐந்தால் வகுத்தால் ஒரு சதுரத்தின் தடை. இரண்டு கோடுகளை ஒப்பிட இந்த எண்தான் உதவும். மல்டிமீட்டர் கடத்துகிறதா என்பதை மட்டுமே சொல்லும். கிராஃபீன்தானா என்று உறுதிசெய்ய ராமன் நிறமாலை (பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை அளக்கும் சோதனை) வேண்டும். அதில் 2,700 செ.மீ⁻¹ பக்கத்தில் தெளிவான முகடு தெரிய வேண்டும்.

பிற்சேர்க்கை: காகிதத்தில் செய்தால் பற்றிக்கொள்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். காகிதத்தை முதலில் வெண்காரக் கரைசலில் நனைத்து உலர்த்துங்கள். அது தீப்பிடிப்பதைத் தடுக்கும், காகிதமும் காற்றில் கரைந்துபோகாமல் கரியாக நிற்கும். ரெக்சின் துண்டில் முயலலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. பெரும்பாலான ரெக்சினில் பிவிசி இருக்கும், அதைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.