தென்னை ஓலை கறுத்தால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையோரமாகப் போனால், மாசி வெயில் ஏறும்போது வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: "மரமெல்லாம் கரி அப்பின மாதிரி இருக்குதுங்க." தென்னை மட்டுமில்லை, அதன் நிழலில் நிற்கிற வாழை, கொய்யா, கறிவேப்பிலைகூடக் கறுத்துக் கிடக்கும். மறுநாளே பொள்ளாச்சி மருந்துக்கடையில் போய் நின்று, "அண்ணா, காட்டமா ஒண்ணு குடுங்க" என்பார்கள். தவறு அங்கேதான் ஆரம்பம்.

அந்தக் கறுப்பு மரத்துக்கு வந்த நோயல்ல. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. இனிப்பான பிசுபிசுப்புக் கழிவைக் கீழே சொட்டவிடுகிறது. அதன்மேல் படர்கிற கரும்பூஞ்சாணம்தான் நம் கண்ணில் படுவது. இதற்குப் பூஞ்சாண மருந்து வாங்குவது வீண்செலவு. ஈ இருக்கும்வரை கறுப்பு திரும்பத் திரும்ப வரும். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால் போதும். கஞ்சி காய்ந்து பொருக்காக உதிரும்போது கறுப்பையும் கூட்டிக்கொண்டு விழும்.

இந்த ஈ நாட்டிலேயே முதலில் பதிவானது 2016-ல், நம்முடைய பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கத்தில்தான். அதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளர்கிற குளவியும் இங்கேயே பெருகிவிட்டது. பேர் என்கார்ஸியா. கொசுவைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது. காட்டமான மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான். ஈக்கு அடுத்த கூட்டம் சீக்கிரமே கிளம்பிவிடும், குளவி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மருந்தடித்த தோப்பில் ஈ முன்னைவிட அதிகமாகிறது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே மருந்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கீழ்மட்டையிலிருந்து ஒரு கீற்றைக் கிள்ளித் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளை மெழுகுத் துகளுக்கு நடுவே கடுகைவிடச் சின்னச் சின்னக் கூடுகள் ஒட்டியிருக்கும். காலிக்கூட்டின் முதுகு குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்திருந்தால் உள்ளிருந்து பறந்துபோனது ஈ. சுத்தமான வட்டத் துளை இருந்தால் வெளியே வந்தது குளவி. வட்டத் துளைகள் நிறைய இருந்தால் சும்மா இருப்பதே வைத்தியம். ஒன்றுகூட இல்லையென்றால், துளைக்கூடு மிகுந்த பக்கத்துத் தோப்பு ஓலையில் நாலு கீற்று கேட்டு வாங்கி வந்து உங்கள் மரத்தில் கட்டிவிடுங்கள். விழுந்த மட்டையை அன்றைக்கே போட்டுக் கொளுத்துகிறவர்கள், அதிலிருக்கும் குளவியையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள்.

ஈ ரொம்பத் தொல்லை கொடுத்தால் மோட்டார் தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சலாம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி தெளிக்கலாம். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், தண்ணீர் மட்டும்தான் ஓலையில் படும். ஓலையின் மேல்புறம் நனைய நனைய அடித்துவிட்டு அடிப்புறத்தை விட்டுவிடுவதும் வழக்கமாக நடப்பதுதான்.

வேரில் மருந்து கட்டுவது இன்னும் மோசம். மோனோகுரோட்டோபாஸ் என்கிற கடும் பூச்சிக்கொல்லியைப் பாலித்தீன் பையில் ஊற்றி வேரை நுழைத்துக் கட்டுகிற பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. கேரளத்தில் 2011-லேயே அதற்குத் தடை. 2023-ல் மத்திய அரசும் தடை போட்டது. சோதனைச் சாவடி தாண்டிப் பழைய சரக்கைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள், அதே மரத்து இளநீரைத்தான் பேரப்பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிற மரங்களும் உண்டு. அதில் மருந்து கட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, மழை செய்த வேலைக்கு மருந்துக்குப் பேர் வைப்பது. வெயில் காலத்தில் பெருகுகிற இந்த ஈ நல்ல மழை அடித்ததும் தானாகவே குறையும். வைகாசிக் கடைசியில் மருந்து அடித்துவிட்டு ஆனியில், "பார்த்தீங்களா, கேட்டுருச்சு" என்பவரோடு வாதாடிப் பிரயோசனமில்லை.

வெள்ளை ஈ மரத்தைக் கொல்வது அபூர்வம். சிவப்புக் கூன்வண்டு கொன்றே விடும். அதற்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் நாம்தான். பந்தலுக்கோ கோயில் தோரணத்துக்கோ பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டினால், அந்தப் பச்சைக் காயத்தின் வாடைக்கு வண்டு வந்து முட்டை வைக்கும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்குத் தண்டில் கொத்துகிற படிகளும் அதே கதைதான்.

குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டுக்கு, வாடையால் வண்டை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வாங்கிப் பத்து சென்ட் வளவில் இளங்கன்று பக்கத்திலேயே தொங்கவிடுகிறவர்கள் ஊரில் இருக்கிற வண்டையெல்லாம் விருந்துக்கு அழைக்கிறார்கள். பொறி ஊர் சேர்ந்து, மரங்களைவிட்டுத் தள்ளி வைக்க வேண்டியது. தனி வீட்டுக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் வைத்தால் போதும். அந்த வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் வீட்டு எருக்குழியில்தான். கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) கேட்டு, வண்டின் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சாணம் வாங்கிக் குழியில் கலக்கலாம். அதுவரைக்கும் எருவைக் கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிற புழுவைப் பொறுக்கிப் போடுங்கள், கோழி போட்டி போட்டுக்கொண்டு தின்னும்.