பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறக்க வகுப்பில் என்ன செய்யலாம்

வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இருப்பதை அழகாகக் கொப்பியில் எழுதத் தெரியும், பாடப்புத்தகத்தில் விடை எந்த வரியில் கிடக்கிறது என்று தேடவும் தெரியும், ஆனால் "வேர் டு யூ லிவ்?" என்று யாராவது கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். கூச்சம் என்று சொல்லிவிடுகிறோம். கூச்சம் பாதிதான். வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டே ஆகவேண்டிய தேவை அவர்களுக்கு வருவதில்லை என்பதுதான் மீதி. பேனையைத் தூக்கிக் காட்டி "வட் இஸ் திஸ்?" என்றால் விடை கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், பிறகு எதற்காகக் கதைக்க வேண்டும்? ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது மற்றப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கவேண்டும். எந்த வேலை கொடுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள்.

தரம் 6க்கு மேலே நன்றாக வேலை செய்வது வழிப்படம். முல்லைத்தீவுக்குப் போக இரண்டு பெரிய வீதிகள் இருக்கின்றன. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போவது ஏ35, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போவது ஏ34. இரண்டையும் ஒரு தாளில் கீறி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் ஏ35 ஊர்ப் பெயர்கள் மட்டும், மற்றதில் ஏ34 ஊர்ப் பெயர்கள் மட்டும் இருக்கட்டும், மற்ற இடங்களில் வெறும் புள்ளி. இரண்டு பேரை முதுகோடு முதுகு இருத்திவிட்டால் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்க முடியாது. "வட் இஸ் த நெக்ஸ்ட் டவுன் ஆஃப்டர் பரந்தன்?", "ஹவ் டு யூ ஸ்பெல் இட்?" என்று கேட்டுக் கேட்டுத்தான் நிரப்பவேண்டும். தேவையான மூன்று நான்கு கேள்விகளைத் தொடங்க முன்னரே கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து இரண்டு தரம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தமிழில்தான் கேட்பார்கள். தெரிந்த ஊரின் பெயரைக் கேட்காமலே எழுதிவிடுவார்களே என்று யோசித்தால் ஊர்ப் பெயருக்குப் பதிலாக நீங்களே கற்பனையாகப் போட்ட பஸ் நேரங்களை வையுங்கள், அது கேட்காமல் வராது. போட்டோக்கொப்பிக்குக் காசில்லையா, கரும்பலகையில் இரண்டையும் கீறி, ஒவ்வொரு சோடியிலும் ஒருவரைக் கரும்பலகை தெரியாமல் திரும்பி இருக்க வைத்து, மற்றவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு வீதியைக் கீறச் சொல்லுங்கள், மற்ற வீதிக்கு ஆளை மாற்றுங்கள்.

இன்னொன்று, ஓடிப்போய் வாசித்துவந்து சொல்வது. ஐந்து வரி எழுதி வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தில் ஒட்டிவிடுங்கள். இரணைமடுவைப் பற்றியே எழுதலாம்: கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம், அதை நம்பிக் கிளிநொச்சியில் நெல் விதைக்கிறார்கள், இப்படி. சோடியில் ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் எழுதவேண்டும். பாதியில் ஆளை மாற்றுங்கள். வாசிப்பு, ஞாபகம், உச்சரிப்பு, கேட்டல், எழுத்து எல்லாம் ஒரே பாடவேளையில் வந்துவிடும், வகுப்பில் எழும்பவே எழும்பாத பிள்ளைகூட இதற்கு ஓடும். காலைப் பாடத்தில் செய்யுங்கள், மதியம் அந்த வெயிலில் ஓடவிடக் கூடாது. பக்கத்து வகுப்புக்கு அரைச்சுவர்தான் என்றால் அந்த ரீச்சரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சின்னவர்களுக்கு, அதாவது தரம் 1, 2க்கு, எழுத்தே வேண்டாம். அந்த இரண்டு தரத்திலும் வாய்மொழி ஆங்கிலம்தான், முறையான பாடம் தரம் 3இல்தான் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முன்வைத்த முறை இவர்களுக்கு நல்லாய்ப் பொருந்தும்: நீங்கள் கட்டளை சொல்லவேண்டும், பிள்ளை உடம்பால் செய்துகாட்டவேண்டும், பேசும்படி வற்புறுத்தவே கூடாது. "ஸ்டாண்ட் அப்", "டச் த வோல்" என்று தொடங்கிக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, வலை இழுப்பது வரை போகலாம். சில கிழமைகள் போனதும் பிள்ளைகளே எழும்பி மற்றவர்களுக்குக் கட்டளை போடத் தொடங்குவார்கள்.

உச்சரிப்புக்கு வெளிநாட்டுப் புத்தகங்களில் "ஷிப்", "ஷீப்" பயிற்சி நிறைய இருக்கும். குறில், நெடில் எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சிலேயே இருக்கிறது, அதில் நேரம் போக்க வேண்டாம். அவர்கள் தடுமாறுவது "பான்", "ஃபான்" போன்ற இடத்தில், பிறகு வி, டபிள்யூ இரண்டும் ஒரே ஒலியாகிற இடத்தில். ஃபானுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும், டபிள்யூவுக்கு உதடு குவியும், பல் தொடாது. நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், பான் என்று கேட்டால் இடது கையையும் ஃபான் என்று கேட்டால் வலது கையையும் அவர்கள் தூக்கட்டும். காதுக்குப் பிடிபட்டால்தான் வாய்க்கு வரும்.

பொருட்களுக்கு அலைய வேண்டாம். பிஸ்கட் பைக்கற், தேயிலைப் பெட்டி, சவர்க்கார உறை என்று கடையில் விற்கிற பலவற்றில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் ஒரு கிழமைப் பாடத்துக்குப் போதும்: நிறை எவ்வளவு, காலாவதித் திகதி என்ன என்று ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தேடலாம். வயல் கிருமிநாசினிப் போத்தல் வெறுமையாக இருந்தாலும் கொண்டுவரவே விடாதீர்கள், இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீதிப் பெயர்ப்பலகைகளும் மூன்று மொழியில்தான் நிற்கின்றன, பஸ்ஸில் வருகிற பிள்ளைகளிடம் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துவரச் சொல்லலாம். இணையம் கிடைக்கிற இடத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் பிள்ளைகளுக்கான தளத்தில் கதைகளும் அச்சிடக்கூடிய படங்களும் இலவசமாக இருக்கின்றன. பெரிய வகுப்புக்குப் பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி நல்லது, எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும், வீட்டில் போனில் இறக்கிக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்தில் டேட்டா தேவையில்லை.

பிள்ளை கதைக்கும்போது இடையில் திருத்தாதீர்கள். "ஷி கோ டு மார்க்கெட்" என்று சொன்னால் சொல்லட்டும், தமிழில் 'எ', 'த' போன்ற சொற்கள் பெயருக்கு முன்னால் வருவதில்லை, வினை முடிவில் எஸ் சேர்ப்பதுமில்லை, அது பழக நாளாகும். கேட்ட பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் மூன்று வசனத்தைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளே திருத்துவார்கள். தமிழ் கதைத்ததற்குத் தண்டனை கொடுக்கவே கூடாது. விளங்காத கட்டளையைத் தமிழில் ஒருதரம் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கொப்பி வெறுமையாக இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள், சாதாரண தரம் எழுத்துப் பரீட்சைதானே என்றும் சொல்வார்கள், அந்தக் கவலை நியாயமானது. ஆகவே பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்தி, திகதி போட்டு, தான் கேட்ட ஒரு கேள்வி, தனக்குக் கிடைத்த ஒரு விடை, கரும்பலகையில் திருத்திய ஒரு வசனம், இந்த மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் எழுதட்டும்.