குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் கணக்கில், தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் பாஸர் ரேட்டிங், அதாவது எறிதலுக்கான மதிப்பெண், 158.3 வரை போகலாம். ஆனால் அவர் பந்தோடு மடக்கப்பட்டதும், பந்தை நழுவவிட்டதும் அதில் சேராது. 2 யார்டு தள்ளி எறிந்த பந்தை வாங்கியவர் 60 யார்டு ஓடினாலும் வரவு எறிந்தவர் பெயரில்தான்.

அதனால் மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) பந்தை விட்டுவிட்டு அவர் கால்களைப் பாருங்கள். எதிரிகள் நெருங்கும்போது பதறாமல் ஓரடி நகர்கிறாரா? பந்தை வாங்க முதல் ஆள் தோதாக இல்லை என்றதும் அடுத்தவரைத் தேடுகிறாரா? எனக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை.

அப்புறம், வெற்றியை மட்டும் வைத்தும் முடிவு கட்டவேண்டாம். 2016 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் 50-இல் டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் எறிந்து எடுத்தது 141 யார்டுதான். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச்டவுன் பாஸ் ஒன்றுகூட இல்லை. டென்வர் 24-10 என்று வென்றது அதன் தடுப்பாட்டத்தால்.